வேளத்து மதில்

எங்க ஊரோட முழுப்பேரு கலிங்கங்கொண்ட சோழபுரம். இம்மாம் நீளப் பேரு டிக்கெட்டுல அடங்காதுன்னு பஸ்காரன் முன்னால இருந்த கலிங்கத்தையும் நடுவுல இருந்த சோழனையும் கழிச்சுட்டுக் கொண்டபுரம்னு வச்சான், அதுவே நெலைச்சுப்போச்சு. ஒரு காலத்துல இதுதான் ராஜ்ஜியத்துக்கே தலைநகரமாம், இங்கேருந்து கெளம்புன யானைப்படை ஆறு ஆறாத் தாண்டி வடக்க போயி, கலிங்கத்தைக் கொளுத்தி, அங்க இருந்த பொன்னையும் சாமியையும் பொம்பளைங்களையும் வண்டியில ஏத்திக்கிட்டு வந்துச்சாம், வந்த எடத்துல பொன்னுக்கு ஒரு கஜானாவும் சாமிக்கு ஒரு மண்டபமும் பொம்பளைங்களுக்கு ஒரு மதிலும் கட்டுனாங்களாம். இப்ப நீங்க வந்து பாத்தா கோயில் இருக்கு, சிங்கத்து வாய் வழியாப் படியிறங்கிப் போற கெணறு இருக்கு, கடலாட்டம் கெடந்ததாச் சொல்ற ஏரியில கருவேலங்காடு இருக்கு, கருப்புச் சாமிகளுக்கு நடுவுல கலிங்கத்துலேருந்து தூக்கியாந்த செவப்புக் கல்லு அம்மன் ஒருத்தி அரசமரத்தடியில தனியா உக்காந்திருக்கா. அரமணை இருந்த எடத்துல வெறும் மேடுதான், அதுல ஆடு மேயும்.

அந்த மேட்டுக்குக் கீழ்ப்பக்கம்தான் எங்க தெரு, வேளமேட்டுத் தெரு. வேளம்னா என்னான்னு எங்களுக்குக் கைடு பராங்குசம் சொல்லித்தான் தெரியும். வேன்ல வந்து எறங்குற சனத்தை எங்க வாசல்ல நிறுத்தி வச்சுக்கிட்டு, மூச்சு விடாம ஒப்பிப்பான்: "சார், இதான் வேளம், ராஜா ஜெயிச்ச நாட்டுலேருந்து கொண்டாந்த பொம்பளைங்களை வச்சிருந்த எடம், மாவு அரைக்கிறது, மாலை கட்டுறது, விளக்குப் போடுறது எல்லாம் அவுங்கதான், ராஜகுமாரியா இருந்தவளும் இங்க வந்தா மாவுதான் அரைக்கணும், உள்ள வந்தவ வெளிய போனதாச் சரித்திரமே கெடையாது சார்!" இவன் பாட்டன் சொத்தைக் காட்டுறாப்புல அவ்வளவு பெருமை அதுல. சனமும் ஆன்னு கேட்டுட்டு, எங்க வீட்டுச் செவுத்தைத் தொட்டுப் பாத்துட்டுப் போகும்.

தொட்டுப் பாக்க நாயம் இருக்கு. எங்க சனத்துக்கு வீடு கட்டணும்னா சூளைக்குப் போற பழக்கமே கெடையாது. கடப்பாரையை எடுத்துக்கிட்டு மேட்டுக்குப் போனா, தோண்டத் தோண்ட அரமணைச் செங்கல்லு, கல்லுன்னா பலகையாட்டம் அகலமா, தட்டுனா வெங்கலமாட்டம் கணீர்னு சத்தம் போடும், அந்தக் கல்லுலதான் வீடு, அதுலதான் அடுப்பு, அதுலதான் ஆட்டுக்கொட்டா, மாட்டுத்தொட்டி, கக்கூசு. கல்லு எந்த மதிலுது, யாரை அடைச்ச மதிலுதுன்னு எவன் பாத்தான்?

ஒரு தை மாசத்துல தோண்டிப் பாக்குற ஆளுங்க வந்து, தெருவைச் சுத்தி அகழி மாதிரி வெட்டி, பழைய மதிலோட அடிவரிசையைக் கண்டுபிடிச்சு, போட்டோ புடிச்சுட்டு மண்ணை மூடாமலே போயிட்டாங்க. பாத்தா எங்க தெரு மொத்தமும் அந்த வரிசைக்குள்ளதான் இருக்குது. மறுவாரம் ஒரு விடியக்காலைல பால்கேனோட சொசைட்டிக்குக் கெளம்புன தவமணி அந்த வரிசையைத் தாண்டக் காலைத் தூக்குனவ, ஒண்ணுமில்லாத காத்துல மடேர்னு நெத்தியை முட்டிக்கிட்டு மல்லாந்து விழுந்தா. கேன் மட்டும் உருண்டு அந்தப்பக்கம் போயிடுச்சு. அவ எழுந்து கையை நீட்டுனா கை போவல, தோளைக் குடுத்து இடிச்சா தோளு போவல, "ஐயோ இங்க செவுரு இருக்குடி!"ன்னு அவ கத்துன கத்துல தெருவே ஓடிவந்துச்சு. வந்த ஆம்பளைங்க சிரிச்சுக்கிட்டே வரிசையைத் தாண்டிப் போயி கேனை எடுத்துக்கிட்டுத் திரும்பி வந்தாங்க. வந்த பொம்பளைங்க அத்தனை பேரும் முட்டிக்கிட்டு நின்னோம்.

அவ்வளவுதான் அதிசயம். ஆம்பளைக்கு அங்க காத்து, பொம்பளைக்கு அங்க செவுரு. வெளிய இருக்குற பொம்பளை உள்ள வரலாம், தடையே இல்ல, வந்தவ திரும்பிப் போக முடியாது. பேசுனாக் கேக்கும், தூக்கி வீசுனா சாமான் போகும், சதைதான் போகாது. அன்னிக்கு வேடிக்கை பாக்க வந்த பக்கத்தூரு அக்காமாருங்க கொஞ்ச பேரு அதோட இங்கியே தங்கிட்டாங்க, அவுங்க புருஷனுங்க சாயங்காலமா வந்து வெளிய நின்னு, "சாவி எங்கடி வச்ச?"ன்னு கேட்டுட்டுப் போனானுங்க.

மொத மாசம் பாக்கணுமே கூத்தை. உடுக்கைக்காரன் வந்தான், மௌலவி வந்தாரு, சாமியாரு வந்தாரு, அதிகாரிங்க ஜீப்புல வந்து டேப்பைப் புடிச்சு அளந்தாங்க, ஜேசிபி வந்து அடிவரிசைக் கல்லைப் பேத்துப் போட்டுச்சு, பேத்த எடத்துலயும் செவுரு இருந்துச்சு. ஏணி போட்டு ஏறிப் பாத்தோம், பள்ளம் பறிச்சுப் பாத்தோம், கண்ணை மூடிக்கிட்டு ஓடிப் பாத்தோம், மூக்கு ஒடைஞ்சதுதான் மிச்சம். அப்புறம் நாத்து நடுற காலம் வந்துச்சு. வந்தவங்க எல்லாம் அவுங்கவுங்க வேலையைப் பாக்கப் போயிட்டாங்க.

நான் சொல்ல வந்தது செவுரு எப்புடி வந்துச்சுன்னு இல்ல, அது கெடக்குது. ஊரு அதை எப்புடி முழுங்குச்சுன்னு சொல்றேன், கேளுங்க. ரேஷன் கடையை உள்ள கொண்டாந்தாங்க, ஊரே கைதட்டுச்சு. பொட்டப்புள்ளைங்களுக்குன்னு தெருவுக்குள்ளயே செவப்பம்மன் அரசமரத்தடியில பள்ளிக்கூடம் வச்சாங்க, அஞ்சாவதுக்கு மேல எதுக்குன்னு அதோட நிறுத்துனாங்க. நர்சம்மா வரமாட்டேன்னுட்டாங்க, அவுங்க எப்புடி வருவாங்க, மருந்துக்கடைக்காரனே ஊசி போட்டான். பஞ்சாயத்துத் தலைவரு, பொம்பளைங்களுக்கு எல்லாமே வாசல்ல வந்து எறங்குதே, எந்த ஊர்ல இந்தச் சொகுசுன்னு மைக்குல பேசுனாரு. எங்க பொம்பளைங்களும் கொறைச்சலா? செவுத்துக்கு மஞ்சத்தண்ணி ஊத்தி, காத்துல ஒட்டுன குங்குமத்தைக் கும்புட்டு, மதிலாத்தான்னு பேரு வச்சு, ஆடியில கூழும் ஊத்துனாங்க. பராங்குசம் இருக்கானே, அவன் எங்களை வரிசையா நிக்க வச்சு, "அக்கா, கையை வைங்கக்கா, சாருக்குக் காட்டுங்க"ம்பான். நாங்களும் உள்ளங்கையைக் காத்துல பதிச்சுக் காட்டுவோம், கை வெள்ளையா நசுங்குறதை வேன்ல வந்தவங்க போட்டோ எடுப்பாங்க.

அதுக்கும் மேல ஒண்ணு நடந்துச்சு. வெளியூரு ஆம்பளைங்க வாடகைக்கு வீடு கேட்டு வந்தானுங்க. தான் சந்தேகப்பட்ட பொண்டாட்டி, காதலிச்ச மக, சொத்துல பங்கு கேட்ட தங்கச்சி, இவுங்களைச் சாமி கும்புடன்னு சொல்லிக் கூட்டியாந்து உள்ள விட்டுட்டு, இவன் நடந்து வெளிய போயி பீடி பத்த வச்சுக்குவான். அந்தப் பொண்ணு கொஞ்ச நாளு செவுத்துல தலையை மோதும், அப்புறம் எங்ககூடக் கொழாயடியில வந்து நிக்கும். தெருவுல இருந்த ஆட்டுக்கொட்டாயெல்லாம் வீடா மாறுச்சு. எங்க ஆம்பளைங்க மொகத்துல ஒரு மினுமினுப்பு வந்துச்சு, பொய் சொல்லக்கூடாது.

தவமணியோட மாமியா செத்தப்ப இன்னொண்ணு தெரிஞ்சுபோச்சு. பாடையைத் தூக்கிக்கிட்டு வரிசைகிட்ட வந்ததும் எல்லாரும் தயங்கி நின்னோம், உள்ளயே பொதைக்கணுமோன்னு பேச்சு வந்துச்சு, அதுக்குள்ள முன்னாடி தூக்குனவன் நடந்துட்டான், பாடை நூலு இழுத்தாப்புல வெளிய போயிடுச்சு. ஒண்ணும் தடுக்கல. பொம்பளைங்க நாங்க எல்லாரும் அதைப் பாத்தோம், பாத்துட்டு ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாக்காம வீட்டுக்குப் போனோம்.

இப்ப கொளஞ்சி கதைக்கு வரேன். கொளஞ்சி என் தம்பி சிகாமணி பொண்டாட்டி. இளவரசின்னு அவளுக்கு ஒரே மக, நர்சிங் படிச்சவ, செவுரு வர்றதுக்கு முன்னாடியே விருத்தாசலத்துல கட்டிக்குடுத்தாச்சு, அங்கியே ஆஸ்பத்திரி வேலையும் பாத்துக்கிட்டிருந்தா. செவுரு வந்த அன்னிக்கு நெத்தி முட்டி வீங்குன மொகத்தோட கொளஞ்சி கேட்ட மொதக் கேள்வி, "எம்மவ வெளியதானே அண்ணி இருக்கா?" ஆமான்னேன். அப்புடியே செவுத்துல சாஞ்சு உக்காந்து, "அது போதும், அது போதும்"னு அழுதா. அன்னையிலேருந்து அவளுக்கு வேற வேண்டுதலே கெடையாது, எம்மவ உள்ள வரக்கூடாது, அவ்வளவுதான்.

இளவரசி ஞாயித்துக்கெழமைல வருவா. செவுத்துக்கு அந்தப்பக்கம் அவ உக்காருவா, இந்தப்பக்கம் இவ. நடுவுல ஒரு மொழம்கூட இல்ல. இவ முறுக்குப் பொட்டலத்தை வீசுவா, அவ புடிச்சுக்குவா. அவ பூவை வீசுவா, இவ புடிச்சு வச்சுக்குவா. "யம்மா, தலை சிக்கு புடிச்சுக் கெடக்கும்மா, நீ வாரி விட்டா எப்புடி இருக்கும்"னு ஒருநாள் அவ சொன்னதுக்கு, கொளஞ்சி காத்துல கையை வச்சு அந்தத் தலை இருக்குற எடத்துல மேலயும் கீழயும் தடவுனா, தடவிட்டு, "தள்ளி உக்காருடி, கிட்ட வராத, தூக்கத்துல சாஞ்சுறப் போற"ன்னு கத்துனா. அம்புட்டுப் பயம் அவளுக்கு.

அந்தப் புள்ள முழுகாம இருக்குன்னு சேதி வந்தப்பதான் வெனை ஆரம்பிச்சுது. எங்க பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்லதான், வளைகாப்புப் போட்ட கையோட பொண்ணைக் கூட்டியாந்துடணும், கூட்டியாறலன்னா பெத்தவங்களுக்குக் கதியில்லன்னு ஊரு காறித் துப்பும். சம்பந்தியம்மா நேரா வந்து, செவுத்துக்கு அந்தப்பக்கம் ரொம்ப ஜாக்கிரதையாத் தள்ளி நின்னுக்கிட்டுக் கேட்டா: "ஏன் சம்பந்தி, எம்மருமவளை எப்ப அழைச்சுக்கிறீங்க?"

"அழைக்க மாட்டேன்," அப்புடின்னா கொளஞ்சி.

"அழைக்க மாட்டியா? நல்லாருக்கே! எங்க சனம் கேட்டா நான் என்ன சொல்ல?"

"எம்மவளுக்கு ஆத்தா செத்துட்டான்னு சொல்லுங்க."

சிகாமணிக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு. என் தம்பிதான், ஆனாலும் சொல்றேன், கெட்டவன் இல்ல, அவனுக்கு அந்தச் செவுரு இருக்குறது மனசுல பதியவே இல்ல. எப்புடிப் பதியும்? ஒருநாளாவது முட்டியிருக்கானா? தெனம் சோத்துப் போசியோட உள்ள வருவான் வெளிய போவான், தண்ணிக்கொடம், வெறகு, தீவனம், மாவு மூட்டை, கையில எது இருக்கோ அதோட விசுக்குனு தாண்டி வந்து, "இந்தா புடி"ன்னு பொண்டாட்டி கையில குடுத்துட்டுப் போறது அவனுக்கு மூச்சு விடுற மாதிரி. "மூணு மாசம் பொண்ணை வச்சுப் பாக்கத் துப்பில்லன்னு ஊரு பேசுமேடி"ன்னு அவன் குதிச்சதுக்கு, "அவ ஒரு எட்டு உள்ள வச்சா, மறுநாள் நீ எனக்குப் பாடை கட்டிடு, நானாவது வெளிய போறேன்"னு கொளஞ்சி சொன்னா.

கடைசியில நான்தான் ஒரு வழி சொன்னேன். செவுத்தை ஒட்டி வெளிப்பக்கமா ஒரு தகரக் கொட்டா போடுவோம், அதுவும் நம்ம எல்லைதான், தாய்வீடுன்னு பேரும் ஆச்சு. சம்பந்தியம்மா மொகத்தைச் சுளிச்சாலும் ஒத்துக்கிட்டா. புள்ள வந்து கொட்டாயில கட்டில் போட்டுப் படுத்துது. கொளஞ்சி இந்தப்பக்கம் அரமணைக் கல்லுல அடுப்புக் கூட்டி அங்கியே குடி வந்துட்டா, ஆக்கறது இவ, கொண்டுபோய்க் குடுக்கறது சிகாமணி. ரெண்டு பேரும் பேசி அலுக்கல, சிரிப்புச் சத்தம் என் வீடு வரைக்கும் கேக்கும். ஆண்டவன் சத்தியமாச் சொல்றேன், அந்தத் தெருவுல அவ்வளவு சிரிப்பை நான் கேட்டு எத்தனையோ காலம் ஆச்சு, எனக்கு வயிறெரிஞ்சுது, சந்தோசமாவும் இருந்துச்சு.

வலி எடுத்ததும் ஆம்புலன்ஸ் வந்து தூக்கிக்கிட்டுப் போச்சு. கொளஞ்சி செவுத்துல மூஞ்சியை அழுத்திக்கிட்டு அது போன திசையையே பாத்துக்கிட்டு நின்னா, சோறு எறங்கல, தண்ணி எறங்கல. அப்புறம் சிகாமணி போன் போட்டான், பொம்பளைப்புள்ள, சுகப்பிரசவம், ரெண்டும் நல்லா இருக்குன்னான். பொம்பளைப்புள்ளன்னதும் தெருவே செவுரு இருக்குற பக்கம் திரும்பிப் பாத்துச்சு. கொளஞ்சி மட்டும், "வெளியதானே பொறந்துச்சு, நல்லா இருக்கட்டும், ஊரெல்லாம் சுத்தட்டும்"னுட்டு, புள்ளைபெத்தா மருந்துக்கு சுக்கும் திப்பிலியும் வறுக்க உக்காந்துட்டா.

ஆஸ்பத்திரியிலேருந்து ஆட்டோ வந்து கொட்டா முன்னாடி நின்னுச்சு. தெருவே செவுத்தோரம் நின்னு பாக்குது, நல்ல வெயிலு. இளவரசி மெதுவா, சீட்டைப் புடிச்சுக்கிட்டு, ஒரு காலை எடுத்து வெளிய வைக்கிறா. அவளுக்கு முன்னாடியே சிகாமணி புள்ளையைத் துணியில சுத்தி ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு எறங்கிட்டான். மொதப் பேத்தி. அவன் கண்ணு அது மூஞ்சியை விட்டு அகலல, வாயெல்லாம் பல்லு, "கொளஞ்சி! இங்க பாருடி, உன் மூக்குடி, அப்புடியே உன் மூக்கு!"ன்னு சொல்லிக்கிட்டே, தண்ணிக்கொடம் கொண்டார மாதிரி, மாவு மூட்டை கொண்டார மாதிரி, விசுவிசுன்னு நடந்து வரான்.

"டேய் நில்லுடா!"ன்னு நான் கத்துறேன். கொளஞ்சி வறுத்த சட்டியோட எழுந்து, "வராத, வராத, ஐயோ வராதய்யா!"ன்னு அலறுறா. தெருவே கத்துது. அவன் அதைச் சந்தோசக் கூச்சல்னு நெனச்சு இன்னும் வேகமா வந்து, விசுக்குனு தாண்டி, பொண்டாட்டி முன்னாடி நின்னு, "இந்தா புடி"ன்னான்.

அவ புடிக்கல. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டா. அவ மூஞ்சியைப் பாத்துத்தான் அவனுக்கு உறைச்சுது. உறைச்சதும் மூஞ்சி வெளுத்து, திரும்பி ஓடுனான், அவன் ஒடம்பு வெளிய போயிடுச்சு, புள்ளையைத் தாங்குன ரெண்டு கையும் இந்தப்பக்கமே நின்னுபோச்சு. இழுக்கிறான், வரல. புள்ள அந்த இல்லாத செவுத்துல அமுங்கி வீல்னு கத்துது. "விடுடா, நசுங்கிறப் போகுது!"ன்னு நான் ஓடிப்போயி அந்தக் கையிலேருந்து வாங்குனேன். வெதுவெதுன்னு இருந்துச்சு, ஒரு கோழி கனம்கூட இல்ல. சிகாமணி வெளிய நின்னு வெறுங்கையைப் பாத்துக்கிட்டு, "எனக்கு நெனப்பு இல்லையே, எனக்கு நெனப்பு இல்லையே"ன்னு தலையில அடிச்சுக்கிறான்.

இளவரசி ஆட்டோவைப் புடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் பாத்தா. புள்ள கத்துற கத்துக்கு அவ ரவிக்கை நனையுறது எங்களுக்கே தெரிஞ்சுது.

"போடி! போயிடுடி!" கொளஞ்சி செவுத்துல ரெண்டு கையையும் பரப்பிக்கிட்டு நிக்கிறா. "இதை நான் வளத்துக்கிறேன், ஆட்டுப்பால் குடுத்து வளத்துக்கிறேன், நீ வேற பெத்துக்கடி, திரும்பிப் பாக்காமப் போயிடு சாமி, உன் காலுல விழுறேன்!"

"யம்மா," அப்புடின்னா இளவரசி, "அதுக்குப் பசிக்குதும்மா."

நடந்து வந்தா. தையல் போட்ட ஒடம்பு, அடிமேல அடி வச்சுத்தான் வந்தா. கொளஞ்சி கையால புடிச்சுத் தள்ளப் பாக்குறா, கையை வெளிய விடல செவுரு, மகளோட நெஞ்சு இருக்குற எடத்துல காத்துல அறையுறா, அறைஞ்சுக்கிட்டே இருக்கா. இளவரசி அடிவரிசைக் கல்லு மேல ஒரு காலை வச்சா, அப்புறம் இன்னொரு காலை எடுத்து உள்ள வச்சா. வச்ச நொடியில கொளஞ்சி கை அவ மேல பட்டுச்சு. பளார்னு கன்னத்துல ஒரு அறை. எத்தனை காலத்துக்கு அப்புறம் மகளைத் தொடுறா, தொட்டது அப்புடித்தான் தொட்டா. அப்புறம் அவளை இழுத்து மடியில போட்டுக்கிட்டு, அந்தச் சிக்குத் தலையை வெரலால கோதிக்கோதி, ஊரே நடுங்குற மாதிரி ஊளையிட்டு அழுதா. நான் நீட்டுன புள்ளையை இளவரசி வாங்கி மாருல சேத்துக்கிட்டா.

வெளிய ஆட்டோக்காரன் வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போனான். சம்பந்தியம்மாவுக்குப் போன் போனதும், "நடந்தது நடந்துபோச்சு, வழக்கப்படி தாய்வீட்ல சேந்தாச்சு, எம்மவனை ஞாயித்துக்கெழமை வரச் சொல்றேன்"னாளாம். பஞ்சாயத்துத் தலைவரு, குடும்பம் ஒண்ணு சேந்துருச்சுன்னு சொல்லி அனுப்புனாரு. தெருவுல பொம்பளைங்க கண்ணைத் தொடைச்சுக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. வாசல்லயே எவ்வளவு நேரம் உக்கார வைக்கிறது, பச்ச ஒடம்புக்காரி, புள்ளையோட மொத மொதலா வீட்டுக்கு வந்திருக்கா. யாராவது ஆரத்தி கரைங்கடின்னு ஒருத்தி சொன்னா. மஞ்சளும் சுண்ணாம்பும் எங்க வீட்லதான் இருந்துச்சு, நான்தான் போயிக் கரைச்சு எடுத்துக்கிட்டு வந்தேன்.